பார்வையற்ற அரசர் பறிகொடுத்த ஹனோவர்

வரலாற்றுத்திண்ணை (இழையைத் தொடங்கியவர்)

ஐந்தாம் ஜார்ஜ் என்றவுடன் நம்மில் பெரும்பாலோருக்கு 1911ஆம் ஆண்டுத் தில்லி தர்பாரில் அமர்ந்திருந்த ஆங்கிலேய மன்னர்தான் நினைவுக்கு வருவார். நான் பேச வந்தது வடஜெர்மனியின் ஹனோவர் அரசை 1851 முதல் 1866 வரை ஆண்டு, அந்நாட்டின் கடைசி அரசராகவே முடிந்துபோன இன்னோர் ஐந்தாம் ஜார்ஜைப் பற்றி. குழப்பம் நேராதிருக்க, ஜெர்மன் ஒலிப்பை ஒட்டி அவரைக் கியார்க் என்றே குறிப்பிடுகிறேன்.

இவர் 1819 மே 27 அன்று பெர்லினில் பிறந்தார். அதே ஆண்டு மே 24 அன்று லண்டனில் பிறந்த விக்டோரியா, இவருக்குப் பெரியப்பா மகள். மூன்றே நாள் மூத்த அக்கா. 1837இல் நான்காம் வில்லியம் மறைந்தபோது பிரிட்டனின் முடி விக்டோரியாவுக்குப் போயிற்று. ஆண்வழி வாரிசு இருக்கும்வரை பெண்ணுக்கு அரியணை இல்லை என்பது ஹனோவரின் சட்டமாதலால், 1714 முதல் ஒரே தலையில் இருந்த இரு முடிகளும் அன்று பிரிந்தன. ஹனோவர், கியார்க்கின் தந்தை எர்ன்ஸ்ட் ஆகஸ்ட்டின் கைக்கு வந்தது.

சிறுவன் கியார்க் 1828இல் நோயால் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். 1833இல் நாணயப்பையைச் சுழற்றி விளையாடிக்கொண்டிருந்தபோது அது மற்றக் கண்ணில் பட்டு, பதினான்கு வயதில் உலகம் அவருக்கு இருண்டுவிட்டது. அறுவை செய்வதற்காக 1840இல் பெர்லினின் புகழ்பெற்ற மருத்துவர் கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபொன் கிராஃபே வரவழைக்கப்பட்டார்; வந்த இடத்திலேயே அவர் திடீரென இறந்துபோனார். நவீனக் கண் மருத்துவத்துக்கு அடித்தளமிட்ட ஆல்பிரெக்ட் ஃபொன் கிராஃபே அவருடைய மகன் என்பதை எண்ணும்போது, ஒரு தலைமுறை தள்ளிப் பிறந்திருந்தால் இந்த இளவரசருக்கு வழி பிறந்திருக்குமோ என்று தோன்றுகிறது.

1866இல் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் போர் மூண்டபோது, தம் நாட்டைச் சுற்றிப் பிரஷ்யப் படைகள் நிற்பது தெரிந்தும் இவர் இறங்கிவராமல், சில மாதங்களில் நாடே இல்லாதவரானார். வரைபடத்தைத் தம் கண்ணால் ஒருமுறையேனும் பார்த்திருந்தால் இந்த முடிவை எடுத்திருப்பாரா? அருகிலிருந்தோர் சொன்னதையே உலகமாகக் கொண்ட ஒருவரிடம் இதைத்தானே எதிர்பார்க்க முடியும்? மூத்தவனாயிருந்தும் கண்ணில்லை என்பதற்காகத் திருதராட்டிரனை ஒதுக்கிப் பாண்டுவுக்கு முடிசூட்டிய நம் பழங்கதையின் அறிவு ஹனோவரில் இல்லாமற்போனது என்பது என் துணிபு. மறுப்பு உள்ளவர்கள் எழுதுங்கள்.

நிலப்படம்

மறுப்பு எனக்கு உண்டு. பாரதக் கதையை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். திருதராட்டிரனின் குற்றம் கண் இல்லாமை அன்று, மகன் மீது கொண்ட கண்மூடித்தனம் என்பதை அந்தக் கதையே சொல்கிறது.

1866இல் பிரஷ்யா விழுங்கியது ஹனோவரை மட்டுமன்று. ஹெஸ்ஸெ-காஸல் நாட்டின் ஃபிரெட்ரிக் வில்ஹெல்முக்கும் நாசாவ் நாட்டின் ஆடோல்ஃபுக்கும் கண்கள் நன்றாகவே தெரிந்தன, அவர்களும் அரசிழந்தார்கள். ஃபிராங்க்ஃபுர்ட் ஒரு சுதந்திர நகரம். அரசரே இல்லாத அந்த ஊரும் போயிற்று. மறுபக்கம், சாக்சனியின் அரசர் யோஹான் கடைசிவரை ஆஸ்திரியாவின் பக்கம் நின்று தோற்றார், ஆனாலும் அவருடைய அரியணை அசையவில்லை. இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பார்வை என்ற காரணம் எங்கே நிற்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

காரணம் நிலத்தில் இருக்கிறது. 1815இல் வியன்னாவில் நாடுகளைப் பங்கிட்டபோது ரைன் கரையும் வெஸ்ட்ஃபாலியாவும் பிரஷ்யாவுக்குக் கிடைத்தன. பெர்லினை உள்ளிட்ட பழைய பிரஷ்யா கிழக்கே கிடந்தது. நிலக்கரியும் இரும்பும் நிறைந்த புதிய பிரஷ்யா மேற்கே கிடந்தது. இடையே ஏறத்தாழ 38,000 சதுர கிலோமீட்டர் பரப்பும் 19 லட்சம் மக்களும் கொண்ட ஹனோவர், வீட்டின் இரு அறைகளுக்கு நடுவே அடுத்தவர் திண்ணை அமைந்ததுபோல் இருந்தது. ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்கு அயலார் மண் வழியாகப் படையை அனுப்பும் நிலையைப் பிரஷ்யாவின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கைப் போன்ற ஒருவர் எத்தனை காலம் பொறுத்திருப்பார்? சாக்சனிக்காக ஆஸ்திரியப் பேரரசர் உறுதியாக வாதாடினார். அதோடு, அது அந்த இடைவெளியில் இல்லை.

பழையதாள்

இருவரும் வெளியிலிருந்து வந்த அடியையே பேசுகிறீர்கள். நான் உள்வீட்டைப் பார்க்கச் சொல்கிறேன்.

எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் 1837இல் அரியணை ஏறியவுடன் செய்த முதற் காரியங்களுள் ஒன்று, 1833ஆம் ஆண்டு அரசியலமைப்பை ரத்து செய்தது. அதை எதிர்த்துக் கோட்டிங்கென் பல்கலைக்கழகப் பேராசிரியர் எழுவர் கையொப்பமிட்டனர். எழுவரும் பதவி நீக்கப்பட்டனர். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர் இருவரும் அந்த எழுவருள் அடங்குவர் என்பது இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். 1848இன் கிளர்ச்சியில் அதே எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் இறங்கிவந்து தாராளமான அரசியலமைப்பு ஒன்றை ஏற்றார். முரட்டு மனிதர், ஆனால் எப்போது வளைய வேண்டும் என்று அறிந்தவர்.

அந்த அறிவு மகனுக்கு வாய்க்கவில்லை. தந்தை இறந்து நான்காண்டுகள் ஆவதற்குள், 1855இல், ஜெர்மன் நாடுகள் ஒன்றாகக் கூடும் கூட்டமைப்பு மன்றத்தின் துணையோடு 1848இன் உரிமைகளை கியார்க் திரும்பப் பெற்றார். உள்துறை அமைச்சர் ஃபொன் போரீஸின் கையில் நிர்வாகம் இறுகியது. 1862இல் பழைமையான லூத்தரன் மறைக்கல்வி நூல் ஒன்றைப் பள்ளிகளிலும் திருச்சபைகளிலும் புகுத்த முயன்றபோது, அமைதிக்குப் பெயர்போன அந்த நாட்டு மக்களே தெருவில் இறங்கினார்கள். நூலைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று, போரீஸும் அதே ஆண்டில் பதவி இழந்தார். பிரஷ்யாவின் தலைமையில் ஜெர்மனி ஒன்றுபட வேண்டும் என்று 1859இல் தொடங்கப்பட்ட தேசியச் சங்கத்தின் தலைவர் ருடோல்ஃப் ஃபொன் பெனிக்சென் ஒரு ஹனோவர்க்காரர் என்பதைக் கவனியுங்கள். தன் நாட்டின் படித்த நடுத்தர வகுப்பே அண்டை நாட்டை எதிர்பார்க்கும் நிலையை உண்டாக்கிய அரசர், எல்லையில் ஆபத்து வந்தபோது யாரை நம்பி நின்றார்?

கடவுள் தம் குலத்திடம் ஒப்படைத்தது முடியும் நாடும், அதில் ஒரு பிடியையும் விட்டுக்கொடுக்கத் தமக்கே உரிமையில்லை என்று அவர் உளமார நம்பினார். அவருடைய வெல்ஃப் குலம் ஐரோப்பாவின் பழம்பெரும் குலங்களுள் ஒன்று. பிரஷ்யாவின் ஹோகன்சோலர்கள் அவர் எண்ணத்தில் நேற்று வந்தவர்கள். கண்ணிருந்தாலும் இந்த நம்பிக்கை மாறியிருக்காது.

நரம்பிசை

பார்வையின்மையை அவர் எப்படி எதிர்கொண்டார் என்பதைப் பற்றிச் சிறிது எழுத விரும்புகிறேன், ஏனெனில் இழையின் தலைப்பு அதிலேயே இருந்தும் யாரும் அதற்குள் நுழையவில்லை.

ஆவணத்தைத் தாமே படிக்க முடியாத ஒருவர் அரசராகலாமா என்ற கேள்வி அவர் பட்டத்து இளவரசராயிருந்த காலத்திலேயே எழுந்தது. அதற்கு விடையாக, அரசு ஆவணங்கள் சத்தியம் செய்த சாட்சிகள் முன்னிலையில் அவருக்குப் படித்துக் காட்டப்பட்டு, அவர்கள் அறியக் கையொப்பம் பெறப்படும் என்று 1841இல் ஓர் ஆணை பிறந்தது. ஆகவே ஆட்சி நடைமுறை என்ற அளவில் அந்தக் குறைக்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். அரசரோ தமக்குப் பார்வையில்லை என்பதைப் பிறர் உணர்வதையே விரும்பவில்லை. விருந்தினரிடம் காட்சிகளைப் பற்றிக் கண்டவர்போல் பேசுவார்; அரண்மனையே அந்த நாடகத்துக்கு உடந்தையாயிருந்தது. உண்மையை எடுத்துச் சொல்வது மரியாதைக் குறைவாகிப்போகும் சபையில், கசப்பான செய்தி ஒன்று எத்தனை சுற்றுச் சுற்றி அரசரின் காதை அடைந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தொடங்கிய நண்பர் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு என்பேன்.

இசை அவருடைய உண்மையான வீடு. தாமே பாடல்களுக்கு இசையமைத்தார். இருபது வயதில் இசையின் இயல்புகளைப் பற்றி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். 1853இல் அவர் பணியில் அமர்த்திய யோசஃப் யோவாகிம், அந்த நூற்றாண்டின் தலைசிறந்த வயலின் கலைஞர்களுள் ஒருவர். யூதரான யோவாகிம் 1855இல் கிறித்தவராகத் திருமுழுக்குப் பெற்றபோது அரசரும் அரசியுமே ஞானப்பெற்றோராக நின்றார்கள். அதே அரண்மனையில், யாகோப் குரூன் என்ற யூத வயலின் கலைஞருக்கு உரிய நிலை மறுக்கப்பட்டபோது, அதே யோவாகிம் தாமே பதவி விலக முன்வந்ததும் நடந்தது. இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் கியார்க்கின் ஹனோவர் எப்படிப்பட்ட இடம் என்று புரியும்: அன்பு மிகுந்த, ஆனால் வரிசையை விட்டுக்கொடுக்காத வீடு.

நிலப்படம்

நரம்பிசை அவர்கள் எழுதியதை ஏற்கிறேன். என்றாலும் 1866 ஜூன் மாதத்தின் இரண்டு வாரங்களை நாள்வாரியாகப் பார்த்தால்தான் அரசரின் பொறுப்பு எவ்வளவு என்று அளக்க முடியும்.

ஜூன் 14 அன்று ஃபிராங்க்ஃபுர்ட்டில் கூடிய கூட்டமைப்பு மன்றத்தில், பிரஷ்யாவுக்கு எதிராகப் படை திரட்டும் ஆஸ்திரியாவின் தீர்மானத்தை ஹனோவர் ஆதரித்தது. மறுநாளே பிரஷ்யத் தூதர் இறுதி எச்சரிக்கையை நீட்டினார்: படையை அமைதிக்கால நிலைக்குக் குறைத்து, பிரஷ்யா வகுத்த புதிய கூட்டமைப்புத் திட்டத்தை ஏற்றால் நாட்டின் எல்லைகள் காக்கப்படும், இல்லையேல் போர். நள்ளிரவுக்குள் விடை வேண்டும். ஒரு கிறித்தவராகவும் மன்னராகவும் வெல்ஃபாகவும் இதை ஏற்கத் தமக்கு இயலாது என்று அரசர் மறுத்துவிட்டார். அரசியையும் இரு இளவரசிகளையும் தலைநகரில் விட்டுவிட்டு, பட்டத்து இளவரசருடன் கோட்டிங்கெனுக்குச் சென்று தம் படையோடு சேர்ந்துகொண்டார். ஜூன் 17 அன்று பிரஷ்யர்கள் ஹனோவர் நகரத்துக்குள் வந்தார்கள்.

பத்தொன்பதாயிரம் பேர் அளவிலான அந்தப் படை, போருக்கு ஆயத்தமாகாமலே கூடியது. தெற்கே சென்று பவேரியப் படையுடன் இணைவது திட்டம். துரிங்கியாவுக்குள் நுழைந்தபோது வழியில் தடுக்கக்கூடிய பிரஷ்யப் படை பெரிதாக இல்லை. அந்த நேரத்தில் வேகமாக நடந்திருந்தால் தப்பியிருக்கலாம். ஆனால் பேச்சுவார்த்தை, மறுபேச்சு, பொய்ச்செய்தி, தயக்கம் என்று விலைமதிக்க முடியாத நாட்கள் கழிந்தன. என்னுடைய குற்றச்சாட்டு இந்த நாட்களின் மீதுதான். ஜூன் 15இன் மறுப்பை மானம் எனலாம். ஜூன் 23க்குப் பிந்தைய தயக்கத்துக்கு அப்படிப் பெயர் சூட்ட முடியாது. பவேரியர்களும் வந்து சேரவில்லை.

ஜூன் 27 அன்று உன்ஸ்ட்ரூட் ஆற்றங்கரையில், லாங்கென்சால்சாவில், தளபதி ஃப்ளீஸ் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேருடன் தாக்கினார். ஹனோவர் தளபதி ஆரென்ட்ஷில்ட் அவரை முறியடித்து விரட்டினார். அந்தக் களத்தில் சிவப்புச் சிலுவைக் கைப்பட்டை அணிந்த தொண்டர்கள் காயமுற்றோரைத் தூக்கிச் சென்றார்கள். ஜெனீவா ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. வென்றவர் பக்கமே கூடுதலாக மடிந்தும் காயமுற்றும் இருந்ததால், வெற்றியைத் தொடர்ந்து செல்ல வலுவில்லை. தோட்டாக்களும் உணவும் தீர்ந்துகொண்டிருந்தன. இரண்டு நாளில் வேறு பிரஷ்யப் படைகள் நாலாபுறமும் சூழ்ந்தன. வென்ற படை ஜூன் 29 அன்று சரணடைந்தது. வீரர்கள் ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு வீடு திரும்பினார்கள். ஹனோவருக்கு வெளியே விரும்பிய இடத்தில் வாழலாம், தனிச்சொத்தில் கைவைக்க மாட்டோம் என்று அரசரிடம் உறுதியளிக்கப்பட்டது. கோனிக்கிரேட்ஸில் ஆஸ்திரியா நொறுங்கியது அதற்கு நான்காவது நாள்.

பழையதாள்

இதில் நம் உறவுமுறையில் வைத்துப் பார்த்தால் உறைக்கும் ஒரு செய்தி இருக்கிறது. பிரஷ்ய அரசர் முதலாம் வில்ஹெல்மின் தாய் லூயிஸாவும் கியார்க்கின் தாய் ஃபிரெடெரிக்காவும் உடன்பிறந்தவர்கள், லூயிஸா மூத்தவர். அப்படியானால் வில்ஹெல்ம் கியார்க்குக்குப் பெரியம்மா மகன், அண்ணன். ஆங்கிலத்தில் இதைத் தூரத்து உறவுபோல ஒரே சொல்லில் கடந்துவிடுவார்கள். நமக்கு அப்படித் தோன்றாது. ஒரு முடியைப் பெரியப்பா மகளிடமும் மறுமுடியைப் பெரியம்மா மகனிடமும் இழந்தவர் இவர். தெய்வத்தால் அமைந்த அரசுரிமையில் வில்ஹெல்முக்கும் நம்பிக்கை இருந்ததால், ஓர் அரச குலத்தையே அடியோடு நீக்குவதில் அவர் தயங்கினார், தள்ளியது பிஸ்மார்க். 1866 செப்டம்பர் 20 அன்று இணைப்புச் சட்டம் நிறைவேறியது.

மாலைவாசகி

சிலகாலமாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நாடிழந்த பிறகு நடந்ததை யாரும் எழுதாததால் நுழைகிறேன். எனக்குச் சுவையான பகுதி அதுதான்.

கியார்க் வியன்னாவை ஒட்டிய ஹீட்சிங்கில் குடியேறினார். முடியைத் துறப்பதாக ஒருநாளும் எழுதித் தரவில்லை. அவருடைய முன்னாள் நீதியமைச்சர் லூட்விக் விண்ட்ஹோர்ஸ்ட் (பிற்காலத்தில் நாடாளுமன்றத்தில் பிஸ்மார்க்கின் தூக்கத்தைக் கெடுத்த அதே கத்தோலிக்கத் தலைவர்) பேசி முடித்த உடன்படிக்கையின்படி, 1867இல் அவருக்கு 1 கோடியே 60 லட்சம் தாலர் இழப்பீடு என்று முடிவாயிற்று. 1868 பிப்ரவரியில் அரசரின் வெள்ளிவிழாத் திருமண நாளுக்கு ஹனோவரிலிருந்து கூட்டம் கூட்டமாக விருந்தினர் வந்தார்கள். அங்கே அவர் தம் நாடு மீண்டும் சுதந்திரமாகும், தாம் திரும்புவேன் என்ற பொருளில் பேசினார். வெல்ஃப் படையணி என்ற பெயரில் அவருடைய பழைய வீரர்கள் சில நூறு பேர் பிரான்சில் வேறு காத்திருந்தார்கள். பிஸ்மார்க்குக்கு இது போதும். அடுத்த மாதமே சொத்து முழுவதையும் பிரஷ்யா முடக்கியது.

முடக்கிய பணத்தின் வட்டியை வெல்ஃப் சதியை முறியடிக்கச் செலவிடப்போவதாகச் சொன்ன பிஸ்மார்க், எதிரியின் ஒற்றர்களை வளைக்குள் புகுந்து துரத்த வேண்டிய பாம்பு பல்லிகளாக உருவகித்துப் பேசினார். நடந்தது வேறு. கணக்குக் காட்டத் தேவையில்லாத அந்தப் பணம் பத்திரிகைகளை வாங்கப் பயன்பட்டது. ஊரார் அவருடைய சொல்லையே அவர் பக்கம் திருப்பி, அந்தப் பத்திரிகையாளர்களை ஊர்வன என்றும் அந்தப் பணத்தை ஊர்வன நிதி என்றும் அழைத்தார்கள்.

அதன் ஒரு பகுதி பவேரியாவுக்கும் போயிற்று. 1870 நவம்பர் 30 அன்று பவேரிய அரசர் இரண்டாம் லூட்விக், பிரஷ்ய அரசர் வில்ஹெல்ம் ஜெர்மன் பேரரசர் என்ற பட்டத்தை ஏற்க வேண்டும் என்று கேட்கும் கடிதத்தில் கையொப்பமிட்டார். வரைவு பிஸ்மார்க்குடையது. அதன்பின் லூட்விக்குக்கு ஆண்டுதோறும் இரகசியமாகப் பணம் வந்தது, வந்த வழி இந்த நிதி. கோட்டை கட்டிக் கடனாளியான லூட்விக்கைப் பற்றி இங்கே ஏற்கெனவே மூன்று இழைகள் உள்ளன. அவர் கட்டிய நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைப் பார்த்து வியக்கும் நண்பர்கள், அந்தச் சுவரில் நாடிழந்த ஹனோவர்க்காரரின் வட்டிப்பணம் எத்தனை கல்லாக நிற்கிறது என்றும் எண்ணிப் பார்க்கலாம்.

இன்னொன்று. கியார்க்கின் பேரனுக்கும் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் ஒரே மகளுக்கும் 1913இல் திருமணம் நடந்து, இரு குலங்களின் பகை தணிந்தது. அவர்களுடைய மகள் ஃபிரெடெரிக்கா கிரேக்க நாட்டின் அரசியானார். அவரும் ஆட்சி மாறி நாட்டை விட்டு நீங்கியவரே. 1970களில் மகள் ஐரீனுடன் சென்னையில் தங்கி, சென்னைப் பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் டி.எம்.பி. மகாதேவனிடம் அத்வைதம் பயின்றார். காஞ்சிப் பெரியவரைத் தரிசித்த அந்தக் கிரேக்க அரசி, நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த அரசரின் கொள்ளுப்பேத்தி என்று தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே வியப்பாயிருந்தது.

வரலாற்றுத்திண்ணை

மறுமொழிகள் அனைத்தையும் இருமுறை படித்தேன். ஹெஸ்ஸெ, நாசாவ், சாக்சனி என்ற ஒப்பீட்டுக்கு என்னிடம் பதில் இல்லை. எல்லாம் பார்வையின்மையால் என்று நான் எழுதியது தவறு, அதை விலக்கிக்கொள்கிறேன். திருதராட்டிரனையும் அவருடைய அரண்மனைக்கே அனுப்பிவிடுகிறேன். இழையின் தலைப்பில் முதற்சொல்லை நீக்கும்படி மட்டுறுத்துநரைக் கேட்டிருக்கிறேன்.

ஆயினும் நரம்பிசை சொன்ன அந்த நாடகம் என் மனத்தில் நிற்கிறது. ஜூன் 15 மாலையில் அந்த அறையில் இருந்தவர்களுள் எவரேனும், நாம் நிற்பது எங்கே என்று அரசரிடம் ஒளிக்காமல் சொன்னார்களா என்ற ஐயத்தை மட்டும் வைத்துக்கொள்ள எனக்கு அனுமதி தாருங்கள். ஒரு கேள்வியும் உண்டு: அவர் கட்டிய அரண்மனைகள் என்னவாயின?

நரம்பிசை

ஹில்டெஸ்ஹைமுக்கு மேற்கே ஒரு குன்றின் மேல் அரசி மரீக்காக 1858இல் கட்டத் தொடங்கிய மரீன்புர்க் கோட்டையில், கணவர் வியன்னாவில் இருக்க, அரசி மட்டும் பிரஷ்யக் காவலின் கண்காணிப்பில் 1867 வரை இருந்துவிட்டுப் போனார். கோட்டை இன்றும் நிற்கிறது. தலைநகரில் 1857இல் அடிக்கல் நாட்டிய வெல்ஃப் அரண்மனையில் அரச குடும்பம் ஒருநாளும் குடியேறவில்லை. பணி முடியும் தறுவாயில் நாடு போய்விட்டது. சில ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்த அந்தக் கட்டடத்துக்கு 1879இல் தொழில்நுட்பக் கல்லூரி வந்து சேர்ந்தது. இன்றைய லைப்னிட்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடம் அதுதான்.

அரசர் 1878 ஜூன் 12 அன்று பாரிசில் காலமானார். ஹனோவரில் அவருக்கு இடமில்லை. உடலை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று, மூன்று நாள் மூத்த அக்காவின் வின்ட்ஸர் கோட்டைக்குள், புனித ஜார்ஜ் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.